எந்த ஊரு, எந்தக் கோயிலு?

"என்னத்தா, நீ போட்டுக் குடுத்த பெட்டியில எதைச் சொருகுனாலும் தெரியலையாம். விண்டோசு போட்டாத்தான் சரியா வருமுன்னு பேரன் ஒத்தக் கால்ல நிக்கிறான். ஒன்னையக் கேக்காமத் தொடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

கானாடுகாத்தான் ஆச்சியின் போன் வந்தபோது நான் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு மூன்றாவது தடவையாகப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் வீட்டு விலாசத்தில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. எங்கள் பக்கம் விலாசம் என்றால் தெருவும் கதவிலக்கமும் அல்ல. அப்பன், பாட்டன், பூட்டன் பெயர்களின் முதலெழுத்தைக் கோத்த சரம். ஒரு எழுத்து குறைந்தால் வேறு வீடு. நான் நகரத்தார் எனப்படும் செட்டியார் வீட்டுப் பெண் இல்லை. காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் பன்னிரண்டு வருஷமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன், அதனால் பாதி ஊரின் விலாசம் எனக்கு மனப்பாடம்.

ஆச்சி சொன்ன பெட்டி, 2014இல் வாங்கிய டெஸ்க்டாப். 4 ஜிபி ராம். விண்டோஸ் அதில் மூச்சுவாங்க ஆரம்பித்ததும், இரண்டு வருஷத்துக்கு முன் அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். ஆச்சிக்கு வேண்டியது மூன்று: கோயில் வரிக்கணக்கு எழுத ஒரு கட்டம் போட்ட தாள், யூடியூபில் திருப்புகழ், சிங்கப்பூருக்கு வீடியோ கால். மூன்றும் இன்றுவரை ஓடுகின்றன. முன்னோருக்குப் படைக்கும் படைப்பு விழாவுக்கு வந்திருக்கும் பேரன் போனையும் ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுவந்து சொருகும்வரை யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

"தெரியலை" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். வயிற்றுவலி என்று டாக்டரிடம் போகிற மாதிரி அது. பசியிலும் வலிக்கும், குடல்வாலிலும் வலிக்கும். சொருகியது கம்ப்யூட்டருக்கே தெரியவில்லையா, கம்ப்யூட்டருக்குத் தெரிந்து அதை ஓட்டத் தெரியவில்லையா, ஓட்டத் தெரிந்தும் திறக்க மறுக்கிறதா, எல்லாம் சரியாக இருந்து உங்களுக்கு மட்டும் அனுமதி இல்லையா? ஒவ்வொன்றுக்கும் வேறு வைத்தியம். எதற்கும் சிஸ்டத்தை அழித்துப் புதிதாகப் போடுவது வைத்தியமே இல்லை.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு முட்டாள்தனத்தால் வந்தது. சில வருஷங்களுக்கு முன் தேவகோட்டையில் ஒரு வீட்டில் பர்மாவிலிருந்து வந்த பழைய கடிதங்களை ஸ்கேன் பண்ணும் வேலை. தனி கரண்ட் வயர் இல்லாத, யூஎஸ்பியிலேயே ஓடும் மெல்லிய ஸ்கேனர். பிளக் பாயின்ட் ஒரு மூலையில், வெளிச்சமுள்ள மேஜை வளவு முற்றத்தின் இன்னொரு ஓரத்தில். நான் என்ன செய்தேன், ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள், அதன் நுனியில் இன்னொன்று, அதில் ஸ்கேனர். தெரியவில்லை. உடனே டிரைவர், அதாவது சாமானை ஓட்டுகிற நிரல்தான் கோளாறு என்று முடிவுகட்டி, மூன்று விதமான லினக்ஸை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி இறக்கி, ஒரு பகலைத் தொலைத்தேன். சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வர, கடிதம் நனைந்துவிடப்போகிறதே என்று மேஜையைச் சுவரோரம் இழுத்தோம். கேபிள் தேவைப்படவில்லை. நேராகச் சொருகினேன். சட்டென்று விளக்கு எரிந்தது. யூஎஸ்பி 2 கேபிளுக்கு நீளம் 5 மீட்டர்தான் வரம்பு. ஒரு போர்ட் தரும் மின்சாரம் 500 மில்லியாம்பியர். மெல்லிய கம்பியை நீட்ட நீட்ட வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும். அன்றைக்கு ஒரே ஒரு கட்டளை அடித்திருந்தால் முதல் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

அந்தக் கட்டளையைத்தான் ஆச்சி வீட்டில் முதலில் அடித்தேன். போனில் ஆட்களுக்குச் சொல்கிற மாதிரியே இங்கேயும் எழுதிவிடுகிறேன். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து, சுடோ, இடைவெளி, டி எம் இ எஸ் ஜி ஒட்டி, இடைவெளி, ஒரு சிறுகோடு, டபிள்யூ. எல்லாம் சின்ன எழுத்து. கடையில் நாங்கள் இதை டிமெசேஜ் என்போம். கெர்னல், அதாவது சிஸ்டத்தின் அடிமடி, தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் பேரேடு அது. டபிள்யூ போட்டால் பேரேடு திறந்தே இருக்கும். புதுசாக ஒரு வரி எழுதும்போதே நம் கண்ணில் படும். கொஞ்ச வருஷமாகச் சாதாரண ஆளுக்கு இதைப் படிக்க அனுமதி இல்லை, அதனால்தான் முன்னால் நிர்வாகி அனுமதி வாங்கித் தரும் சுடோ.

பேரன் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல பையன், வயது முப்பது இருக்கும். "அக்கா, லினக்ஸ்ல யூஎஸ்பி சப்போர்ட் கொஞ்சம் வீக் இல்ல?"

"ஒங்க கையில இருக்க ஆண்ட்ராய்டு போனுக்குள்ள ஓடுறதே லினக்ஸ் கெர்னல்தான் தம்பி. அந்தக் கேபிளைச் சொருகுங்க பாப்போம்."

சொருகினார். போனில் சார்ஜ் ஏறும் அடையாளம் வந்தது. திரையில் ஒரு வரிகூட நகரவில்லை.

இந்த மௌனம்தான் எனக்குப் பிடித்த அறிகுறி. பேரேட்டில் ஒரு எழுத்துகூட விழவில்லை என்றால் டிரைவர், சாஃப்ட்வேர், மின்ட், உபுண்டு மாதிரி லினக்ஸ் வகைகள் எதையும் குறைசொல்ல வேண்டாம். சாமான் வந்து கதவைத் தட்டவே இல்லை. கேபிள், போர்ட், சாமான் மூன்றில் ஒன்று.

"இந்தக் கேபிள் எதோட வந்துச்சு?"

"ஏர்போர்ட்ல வாங்குன பவர் பேங்க்கோட."

அதேதான். என் கைப்பையில் கிடந்த கேபிளை மாற்றிச் சொருகியதும் பேரேட்டில் ஐந்தாறு வரி கொட்டியது. அப்போதும் போனுக்குள் இருக்கும் படங்கள் வரவில்லை. போன் திரையை மேலிருந்து கீழே இழுத்து, 'சார்ஜ் மட்டும்' என்றிருந்ததை 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றியதும் திறந்தது. அது போனின் பாதுகாப்புக்கு இருக்கிற ஏற்பாடு.

பேரனுக்கு நம்பிக்கை வரவில்லை. சார்ஜ் ஏறுகிற கேபிள் எப்படிக் கெட்ட கேபிள் ஆகும்? ஆச்சியிடம் பாக்குவெட்டி இருந்தது. கேபிளை நடுவில் நறுக்கி, தோலை உரித்துக் காட்டினேன். உள்ளே இரண்டே இழை: சிவப்பு, கறுப்பு. என்னிடம் இருந்த இன்னொரு செத்த கேபிளையும் உரித்தேன். அதில் நாலு: சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை. சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் கொண்டுவருபவை. பேச்சு நடப்பது பச்சையிலும் வெள்ளையிலும்தான். ஏர்போர்ட் கேபிளில் அந்த இரண்டும் பிறவியிலேயே இல்லை. சோறு போடும், வாய் திறக்காது.

சாமான் எப்படிக் கதவைத் தட்டும் என்று பேரன் கேட்டார். நல்ல கேள்வி. சொருகிய சாமானுக்குள் 1.5 கிலோ ஓம் அளவில் ஒரு சின்ன ரெசிஸ்டர், பேச்சுக் கம்பி இரண்டில் ஒன்றை லேசாக மேலே தூக்கிப் பிடிக்கும். அதைப் பார்த்ததும் கம்ப்யூட்டருக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரியும். அடுத்துக் கேள்வி கேட்கும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முகப்பில் யாரோ உறவுக்காரர் வந்து நிற்க, ஆச்சி தூணைப் பிடித்தபடி கேட்டது என் காதில் விழுந்தது: "வாங்க, எந்த ஊரு? எந்தக் கோயிலு?"

"இதேதான் தம்பி," என்றேன். "ஒங்க அப்பத்தா கேக்குறதத்தான் கெர்னலும் கேக்குது."

நகரத்தார் வீட்டில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயருக்கு முன் கோயிலைக் கேட்பார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில். இளையாத்தங்குடி என்றால் அதற்குள் ஏழு பிரிவு, எந்தப் பிரிவு என்று அடுத்த கேள்வி. அதைக் கொண்டுதான் பங்காளியா, பெண் கொடுக்கல் வாங்கல் பண்ணக்கூடியவர்களா என்று முடிவாகும். யூஎஸ்பியிலும் இரண்டு எண்கள். தயாரித்தவர் எண் ஒன்று, சாமான் எண் ஒன்று, ஒவ்வொன்றும் நாலு எழுத்து. முதலாவது கோயில், இரண்டாவது பிரிவு. அவை கிடைத்ததும் எந்த டிரைவரைக் கூப்பிடுவது என்று பெரும்பாலும் முடிவாகிவிடும். விலாசமும் கொடுப்பார்கள், ஆனால் பரம்பரை விலாசம் இல்லை, 1 முதல் 127க்குள் ஏதோ ஒரு எண், பிடுங்கிச் சொருகினால் மாறிவிடுகிற பந்தி டோக்கன். எல் எஸ் யூ எஸ் பி என்று ஒட்டி அடித்தால் வந்திருக்கும் விருந்தாளிகளின் கோயில், பிரிவு எல்லாம் வரிசையாக வரும்.

கோயிலையும் பிரிவையும் மட்டும் கேட்டுவிட்டுப் பெயரைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் கடையில் நடந்த கதை ஒன்று உண்டு. இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருவன், கண்மாய் நீர்மட்டம் அளக்கிற ப்ராஜெக்ட்டுக்காக வாங்கிய ஆர்டுயினோ என்ற சின்ன சர்க்யூட் போர்டோடு வந்தான். லேப்டாப்பில் உபுண்டு 22.04. சொருகினால் போர்டில் விளக்கு எரிகிறது, எல்எஸ்யூஎஸ்பியில் 1ஏ86, 7523 என்று வருகிறது. போர்டோடு பேசுகிற சீரியல் போர்ட் மட்டும் தெரியலை. அவன் மூன்று போர்டு மாற்றி வாங்கிவிட்டான், பாவம். பேரேட்டைத் திறந்து வைத்துச் சொருகச் சொன்னேன். டிடிஒய்யூஎஸ்பி0 என்ற பெயரில் இணைந்தது என்று ஒரு வரி. அது வந்த கையோடு, பி ஆர் எல் டி டி ஒய் என்ற ஒரு ஆள் குறுக்கே வந்ததாக ஒரு வரி. உடனே இணைப்பு போனது என்று ஒரு வரி. வந்தவரை வாசலிலேயே வேறு யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன மாதிரி.

அந்த ஆள் யார் என்று பார்த்தால், பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் கருவிகளை இயக்கும் நல்ல மனுஷன். அப்படியொரு கருவிக்குள்ளும் இதே 1ஏ86, 7523 எண்ணுள்ள சிப்தான் இருக்கிறது. எண் சிப்புக்குச் சொந்தம், அதைச் சுற்றிக் கட்டிய சாமானுக்கு இல்லை. கோயிலும் பிரிவும் ஒன்றாக இருந்ததால், வந்தவர் நம் ஆள்தான் என்று அவர் அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். பையன் வீட்டில் யாருக்கும் பிரெயில் கருவி கிடையாது என்று கேட்டுக்கொண்டபின் அந்த ஆளின் மென்பொருள் பொதியை நீக்கினேன். தேவைப்படுகிறவர் வீட்டில் நீக்கக் கூடாது. வந்த சாமானை யாரிடம் ஒப்படைப்பது என்று சொல்லும் யூடெவ் விதிகளில் அந்த ஒரு வரியை மட்டும் அடக்கி வைத்தால் போதும். அதற்கு அப்புறமும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தது. அது டயல்அவுட் என்ற குழுவில் அவன் பெயர் இல்லாததால். சேர்த்தேன். சேர்த்த கையோடு வேலை செய்யாது, லாக்அவுட் பண்ணி உள்ளே வரவேண்டும். இதை மறந்து நானே ஒரு தடவை அரை மணி நேரம் முழித்திருக்கிறேன்.

சரி, ஆச்சி வீடு. அடுத்தது சிங்கப்பூரிலிருந்து வந்த ஹார்ட் டிஸ்க். அதில் 400 ஜிபி படம், வீடியோ. பேரனின் கல்யாணம், ஆச்சியின் சாந்தி என்கிற வயது நிறைவு விழா, ஐயா இருந்த காலத்துப் பழைய படங்கள், எல்லாம். அதை இன்னொரு புது டிஸ்க்கில் இறக்கி மதுரையில் இருக்கும் அத்தைக்குக் கொடுக்க வேண்டும்.

பேரன் டிஸ்க்கை முன்பக்க போர்ட்டில் சொருகினார். டிக், டிக், டிக் என்று பல்லி மாதிரி ஒரு சத்தம். பேரேட்டில் இந்தத் தடவை மௌனம் இல்லை, கூப்பாடு. எரர் மைனஸ் 71, மறுபடி மைனஸ் 71, அப்புறம் மைனஸ் 110, கடைசியில் 'இந்தச் சாமானை அடையாளம் காண முடியவில்லை' என்று கையை விரித்தது. எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 71 என்றால் பேச்சு குழறுகிறது. 110 என்றால் கேட்ட கேள்விக்கு நேரத்துக்குள் பதில் இல்லை. இரண்டும் பெரும்பாலும் கம்பியையோ மின்சாரத்தையோதான் காட்டும். வந்தவர் மயக்கத்தில் இருக்கிறார், ஊர் பெயரைக் கேட்டால் உளறுகிறார். முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட் என்பது மதர்போர்டிலிருந்து உள்ளே ஒரு ஒல்லிக் கம்பியில் இழுத்து வந்தது. மவுஸ், கீபோர்டு, பென் டிரைவுக்குப் போதும். சுழல ஆரம்பிக்கும்போது மொத்தமாக மின்சாரம் கேட்கிற டிஸ்க்குக்குப் பத்தாது. பின்பக்கத்தில் நீல நிற யூஎஸ்பி 3 போர்ட் இரண்டு இருப்பது எனக்கு ஞாபகம். அதில் 900 மில்லியாம்பியர் வரை கிடைக்கும், மதர்போர்டிலேயே நேராகப் பற்றவைத்தது. பெட்டியைத் திருப்பினேன். நீலம் ஒன்றுதான் கண்ணில் பட்டது. இன்னொன்று இருந்த இடத்தில், நுனிவிரல் அளவுக்கு மழமழவென்று மண் பூசியிருந்தது. குளவிக் கூடு.

அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, இருந்த ஒரு நீலத்தில் டிஸ்க்கைச் சொருகினேன். டிக் சத்தம் நின்றது. கோயில், பிரிவு, அளவு 1 டிபி, எல்லாம் ஒழுங்காகப் பேரேட்டில் ஏறியது. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல் எஸ் பி எல் கே அடித்தால் எஸ்டிபி1 என்று பங்கு வரை தெரிகிறது. ஆனால் ஃபைல் மேனேஜரில் சொடுக்கினால் திறக்க மாட்டேன் என்கிறது.

"விண்டோஸ் லேப்டாப்புல இருந்து எப்படி எடுத்தீங்க?"

"அவசரத்துல அப்படியே உருவிட்டேன்க்கா. ஃப்ளைட்டுக்கு டைம் ஆச்சு."

கணக்குப்பிள்ளை ஐந்தொகை எழுதி முடிப்பதற்குள் ஏட்டை உருவியாயிற்று. விண்டோஸ் முறையில் ஃபைல் வைக்கும் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் அதற்கு ஒரு அடையாளம் விழுந்துவிடும்; கணக்கு முடியாத ஏட்டில் கை வைத்தால் இருக்கிறதும் கெட்டுவிடுமே என்று லினக்ஸ் தயங்கும். அந்த அடையாளத்தை வலுக்கட்டாயமாக அழிக்க லினக்ஸிலேயே வழி உண்டு. அடுத்தவர் வீட்டு ஐயா படங்கள் இருக்கும் டிஸ்க்கில் நான் அதைச் செய்ய மாட்டேன். பேரனின் விண்டோஸ் லேப்டாப் அங்கேயே இருந்தது. அதில் சொருகி, டிஸ்க் பரிசோதனையை ஓடவிட்டு, முறையாக வெளியேற்றி வாங்கிக்கொண்டேன். திறந்தது.

இதோடு முடிந்தது என்று ஆச்சி கொடுத்த வெள்ளைப் பணியாரத்தை வரமிளகாய்த் துவையலில் தொட்டுக்கொண்டு, என் பென் டிரைவுக்குக் கொஞ்சம் படங்களைச் சோதனைக்கு இறக்கிப் பார்த்தேன். பத்து நிமிஷம் ஓடியது. அப்புறம் நின்றது. முப்பது விநாடி நிற்கும், ஒரு துளி நகரும், மறுபடி நிற்கும். பேரேட்டில் யூ ஏ எஸ் என்ற பெயரோடு ரீசெட், ரீசெட் என்று வரி வரியாக.

இது கொஞ்சம் நுணுக்கமானது, அதனால் நின்று சொல்கிறேன். யூஎஸ்பி டிஸ்க்கோடு பேச இரண்டு முறை இருக்கிறது. பழையது, ஒரு வேலை சொல்லி அது முடிந்தபின் அடுத்ததைச் சொல்வது. புதியது யூஏஎஸ், பத்து வேலையை ஒன்றாகச் சொல்லிவிடலாம், டிஸ்க் தன் வசதிப்படி முடித்துக்கொடுக்கும். பந்தியில் ஒருத்தர் சாம்பார், ஒருத்தர் ரசம், ஒருத்தர் அப்பளம் என்று ஒரே நேரத்தில் கேட்டாலும் அசராத பரிமாறுகிறவர் உண்டு. 'ஆமாம், எனக்கும் தெரியும்' என்று தலையாட்டிவிட்டு வாளியோடு நடுவில் திகைத்து நிற்பவரும் உண்டு. டிஸ்க் டப்பாவுக்குள் யூஎஸ்பியையும் டிஸ்க்கின் சொந்த இணைப்பான சாட்டாவையும் இணைக்கிற சின்ன சிப்புகளில் சில அந்த இரண்டாவது ரகம். அவர்களிடம் ஒவ்வொன்றாகச் சொல்வதுதான் மரியாதை.

எல்எஸ்யூஎஸ்பி, இடைவெளி, சிறுகோடு, டி என்று அடித்தால் கிளைபிரித்த மரம் மாதிரி வரும். எந்த போர்ட்டில் எந்தச் சாமான், எந்த டிரைவர், எந்த வேகம் என்று அதில் தெரியும். இந்த டிஸ்க்குக்கு நேரே யூஏஎஸ். எட்சி ஃபோல்டருக்குள் மோட்ப்ரோப் புள்ளி டி என்ற ஃபோல்டர், அதில் கான்ஃப் என்று முடியும் ஒரு சின்ன ஃபைல், அதில் ஒரே வரி: ஆப்ஷன்ஸ், யூஎஸ்பி சிறுகோடு ஸ்டோரேஜ், க்விர்க்ஸ் சமம், பிறகு டிஸ்க்கின் கோயில் எண், முக்காற்புள்ளி, பிரிவு எண், முக்காற்புள்ளி, யூ. அந்த யூ என்ற ஒற்றை எழுத்துக்கு அர்த்தம், இவரிடம் யூஏஎஸ் பேசாதே. சிஸ்டம் எழும்போதே இந்த வரி தெரியவேண்டும் என்பதால் அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டி, ரீஸ்டார்ட். மரத்தில் இப்போது யூஎஸ்பி ஸ்டோரேஜ் என்று வந்தது. வேகம் கொஞ்சம் குறையும். நிற்காமல் ஓடியது. இந்த எண்ணுள்ள சாமானுக்கு மட்டும்தான் இந்த விதி, மற்ற டிஸ்க்குகள் பழையபடி யூஏஎஸ்ஸிலேயே ஓடும்.

(மவுஸ் சும்மா இருந்தால் தூங்கிப்போய் ஆட்டினால்தான் முழிக்கிறது என்று கேட்டு எழுதியவர்களுக்கு: அது மின்சாரம் மிச்சம்பிடிக்கும் ஆட்டோசஸ்பெண்ட். லேப்டாப்பில் பேட்டரி மிச்சப்படுத்தும் நிரல் ஏதாவது போட்டிருந்தால் அதில் முதலில் பாருங்கள். தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.)

பேரன் இப்போது ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். புது டிஸ்க்கைச் சொருக வேண்டும். நீலத்தில் ஒன்று போயாயிற்று. இன்னொரு நீலத்தில் குளவி. மண்ணைத் தட்டிவிட்டால் முடிந்தது. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவிக் குனிந்தேன்.

"அதத் தொடாதத்தா!"

ஆச்சி நிலைப்படியில் நின்றார். கையில் மாவு.

"குளவி வீட்டுல கூடு கட்டுனா நல்ல சேதி வரும்பாக. கலைக்கக் கூடாது. அவன் பெண்டிரு வந்திருக்கால்ல."

பேரன் "அப்பத்தா!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, அணைந்திருந்த திரையை வெகு கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். உள்கட்டிலிருந்து அந்தப் பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஊசியைக் கொண்டையில் திரும்பச் சொருகிக்கொண்டேன். குளவிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அதன் அளவுக்குச் சரியான ஓட்டை, மழை படாத இடம், யாரும் எட்டு மாசமாகத் தொடவில்லை. அந்த போர்ட்டைப் பொறுத்தவரை பேரேட்டில் ஏன் ஒரு வரியும் விழாது என்பதற்கும் காரணம் தெரிந்தாயிற்று.

புது டிஸ்க்குக்குத் தனி கரண்ட் அடாப்டர் இருந்ததால் கறுப்பு போர்ட்டிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கறுப்பு யூஎஸ்பி 2. காகிதத்தில் விநாடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் 35 மெகாபைட் வந்தால் அதிர்ஷ்டம். நீலத்தில் ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் முடிந்திருக்க வேண்டிய 400 ஜிபிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டியது. கடைக்குப் போன் பண்ணி, கல்யாணப் பத்திரிகைக்காரர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, பந்தியில் உட்கார்ந்தேன். கவுனி அரிசி இரண்டாவது தடவையும் போட்டார்கள். வேண்டாமென்று சொல்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

கிளம்பும்போது பெட்டிக்குப் பின்னால் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். நீலம் ஒன்று: பெரிய டிஸ்க். கறுப்பு: மற்றதெல்லாம். முன்பக்கம்: பென் டிரைவ் மட்டும். நீலம் இரண்டு: குளவி, சொருகக் கூடாது. பேரன் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். விண்டோஸ் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆச்சியிடமிருந்து போன்.

"என்னத்தா, அந்த மண்ணுல சின்னதா ஓட்டை விழுந்திருக்கு. குளவிக் குஞ்சு பறந்து போச்சு போலருக்கு. இப்ப அதுல சொருகலாமா?"

"சொருகலாம் ஆச்சி. மொதல்ல பிளக்கப் புடுங்கிட்டு, ஈர்க்குச்சியால மண்ணத் தட்டி எடுத்துருங்க. நடுவுல நாக்கு மாதிரி ஒண்ணு இருக்கும், அத நெம்பிறக் கூடாது. எடுத்துட்டு, டிமெசேஜப் போட்டு எதையாவது சொருகிப் பாருங்க."

"அதான் சுடோ போட்டுட்டு ஒக்காந்திருக்கேன்."